இழுவை போன புல்லட்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் நடுவழியில் வலுவிழந்தால் பட்டறைக்காரர்கள் அதை இரண்டு விதமாகச் சொல்வார்கள்: 'இழுவை இல்லை', 'மிஸ்ஸிங் அடிக்குது'. இரண்டும் ஒன்றல்ல. இன்ஜின் சத்தம் சீராக இருந்து வேகம் மட்டும் ஏறாவிட்டால் இழுவை இல்லை. பெட்ரோல் குறைந்திருக்கலாம், கம்ப்ரஷன் கசியலாம். நாலு அடிக்கு ஓர் அடி தப்பினால் மிஸ்ஸிங். அங்கே பெரும்பாலும் தீப்பொறிதான் குற்றவாளி. கோளாறு கண்டுபிடிக்கும் வேலையில் பாதி இந்தச் சொல் வேறுபாட்டிலேயே முடிந்துவிடும். புதுக்கோட்டை போன்ற சிறு நகரங்களில் இந்த அறிவு ஐம்பது ஆண்டுகளாகக் கைமாறி வந்ததற்கு முக்கியக் காரணம் ஒரே ஒரு வண்டி: புல்லட்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் வைத்த புதிய புல்லட்டை 1948-இல் வெள்ளோட்டம் விட்டது. 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட்டுகளை வாங்கியது. 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் முதலில் இறக்குமதி உதிரிகளைப் பூட்டி வண்டி செய்தார்கள். 1962 வாக்கில் எல்லா பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. மின்சாதனங்களுக்குச் சென்னைப் பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ்ஸும், பிளக்குக்குப் பெங்களூரு மைக்கோவும் இருந்தன. இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் அதே இன்ஜின் வந்துகொண்டிருந்தது.

70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர். இந்த அடிப்படை 2000-க்குப் பிறகும் சில ஆண்டுகள் மாறவில்லை. நிறுவனத்துக்கு இது பெருமை தரும் செய்தியல்ல. புதுமை செய்யாத தேக்கம் என்றே சொல்ல வேண்டும். மெக்கானிக்குக்கோ அது வரமாக அமைந்தது. 1960-களில் குருவிடம் கற்ற பாடம் 1995-இல் சீடனுக்கும் அப்படியே செல்லுபடியானது.

அந்தப் பாடத்தின் வரிசை, தீப்பொறி முதலில், பெட்ரோல் அடுத்து, கம்ப்ரஷன் கடைசியில் என்பது. அனுபவமில்லாதவர் முதலில் கார்புரேட்டரைக் கழற்றுவார். கண்ணுக்கு எதிரே இருப்பது அதுதான். ஆனால் கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் பல பாயின்ட் கோளாறு வண்டிகளே. சிலிண்டருக்குப் பின்னால் உள்ள சிறு அறையில் பாயின்ட் மூடித் திறக்கும்போது காயிலில் மின்னழுத்தம் பிறந்து பிளக்கில் பொறி தெறிக்கிறது. பாயின்ட் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். இதை அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாத பட்டறைகளும் உண்டு. சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைப் பாயின்டுக்கு நடுவே செருகி, தாள் எப்போது தளர்கிறது என்று பார்த்து டைமிங் வைப்பார்கள். பிஸ்டன் உச்சிக்கு வந்ததை அறிய பிளக் துளையில் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பி போதும்.

ஹெட்லைட் கூட்டில் இருக்கும் ஆம்பியர் முள்ளே இந்த வண்டியின் நாடி. சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக மிதித்தால், பாயின்ட் மூடும்போது முள் ஒருபுறம் சாயும், திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். முள் அசையவே இல்லை என்றால் பேட்டரியோ அறுந்த ஒயரோ கருகிய பாயின்டோ காரணம். சாய்ந்த முள் திரும்பாவிட்டால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது பாயின்டோடு இணைந்த கண்டன்சர் ஷார்ட் ஆகிவிட்டது. ஒரு கருவியும் இல்லாமல், தலையைக் குனிந்து பார்த்தே பாதி முடிவுக்கு வரலாம். இன்றைய வண்டிகளின் டிஜிட்டல் திரைகள் பலவற்றைக் காட்டினாலும் இவ்வளவு நேரடியாகப் பேசுவதில்லை.

கண்டன்சர்தான் வழிப்பயணியை அதிகம் ஏமாற்றும். சூடேறினால் கெடும், ஆறினால் சரியாகும். பழைய காயிலும் அப்படியே. சித்திரை வெயிலில் அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பாதி வழியில் மிஸ்ஸிங் தொடங்கி வண்டி நிற்கும். புளியமர நிழலில் அரைமணி நேரம் நின்றால் ஒன்றும் நடவாதது போல ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்கு வந்து சேரும்போது கோளாறு இருக்காது. இதற்காகவே கைதேர்ந்தவர்கள் ஆறிய வண்டியைத் தொடுவதில்லை. ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். பாயின்ட் முனைகளுக்கிடையே பொறி பறந்து கருகியிருந்தால் கண்டன்சரை மாற்ற வேண்டும். உப்புத்தாளால் பாயின்டைத் தேய்ப்பது இரண்டு நாள் வைத்தியம்.

பொறி நீலமாகத் தடித்து வந்தால் பெட்ரோல் பக்கம் போக வேண்டும். எளிய சோதனை, டேங்க் மூடியைத் திறப்பது. 'உஸ்' என்று காற்று உள்ளே போய் வண்டி சரியானால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் நிலமும் இங்கே கணக்கில் வரும். ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் செம்மண். குளத்தூர், நார்த்தாமலைப் பக்கம் கல் குவாரித் தூசி. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் உப்புக்காற்று. முதல் இரண்டும் ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டையும் அடைக்கும். மூன்றாவது, ஒயர் முனைகளில் பச்சைப் பாசி போலக் களிம்பு ஏற்றும்.

கம்ப்ரஷன் சோதனைக்குக் கிக்கர் போதும். மேலே ஏறி நின்றாலும் நல்ல இன்ஜின் சில நொடி தாங்கும். தாங்காமல் இறங்கினால் வால்வோ ரிங்கோ கசிகிறது. புல்லட்டுக்கே உரிய இன்னொரு சந்தேகமும் உண்டு: டீகம்ப்ரஷர் கேபிள் இறுக்கமாக இருந்து அதன் வால்வைச் சற்றே தூக்கிப் பிடித்திருக்கலாம். டேப்பெட் இறுகினாலும் இதே விளைவு. குளிர்ந்த இன்ஜினில் புஷ் ராட் விரலால் சுற்றும்படியும், மேலும் கீழும் ஆடாதபடியும் இருக்க வேண்டும். புதிதாக ரிபோர் செய்த வண்டி நெடுஞ்சாலையில் பிரேக் பிடித்ததுபோல் தளர்ந்தால் பிஸ்டன் இறுகுகிறது என்று பொருள். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். உடனே கிளட்ச் பிடிப்பதுதான் காப்பு.

இந்த வரிசை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. மைசூரில் 1961 முதல் வந்த ஜாவாவும், 1973-இல் அதன் பெயர் மாறிப் பிறந்த எஸ்டியும் டூ ஸ்ட்ரோக். அவற்றின் இழுவை பெரும்பாலும் சைலன்சரில் படிந்த கரியால் போகும். உள்குழாயை உருவி நெருப்பில் வாட்டினால் திரும்பிவிடும்.

1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100-இல் பாயின்டே இல்லை. அதற்குப் பதில் சிடிஐ என்ற மின்னணுப் பெட்டி இருந்தது. கெட்டால் மாற்றுவதைத் தவிர அதில் செய்ய ஒன்றுமில்லை. 2000-களில் புல்லட்டுக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் கார்புரேட்டரும் பெரும்பாலான புதிய வண்டிகளிலிருந்து விடைபெற்றது. ஸ்கேனரில் எண் பார்த்துச் சொல்லும் தலைமுறைக்கு ஆம்பியர் முள்ளின் சாய்வு தெரிய வேண்டிய தேவை இல்லை.

பழைய புல்லட்டுகள் இன்று தினசரி ஓடுபவை அல்ல. பெரும்பாலானவை மாதக்கணக்கில் வீட்டில் நின்று, திருவிழாவுக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ வெளியே வருபவை. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் திட்டம் 2023 பிப்ரவரியில் தொடங்கியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் சேர்ந்தால் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். பழைய ரப்பர் குழாயும் வாஷரும் எத்தனாலில் ஊறி இளகும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் பழைய வரிசையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது: நெடுநாள் நின்ற புல்லட் திடீரென இழுவை இழந்தால் பாயின்டைத் தொடும் முன் டேங்கின் அடிப் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள்.