குழந்தைக்கு ஹெர்னியா... ஓப்பன் சர்ஜரியா, லேப்ராஸ்கோப்பியா?

குளிப்பாட்டும்போது குழந்தையின் தொடை இடுக்கில் ஒரு புடைப்பு தெரிகிறதா? அழுதால் பெரிதாகி, தூங்கினால் மறைகிறதா? `வளர வளர சரியாப்போயிடும்' என்று வீட்டில் சொல்வார்கள். தொப்புள் ஹெர்னியாவுக்குப் பெரும்பாலும் அது சரி. தொடை இடுக்கு ஹெர்னியாவுக்குப் பொருந்தாது; ஆபரேஷன்தான் தீர்வு. பெல்ட், காசு வைத்துக் கட்டுவதெல்லாம் பலன் தராது.

ஏன் வருகிறது?

கருவில் விதைகள் வயிற்றிலிருந்து கீழே இறங்கும் பாதை, பிறக்கும் சமயத்தில் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் அதன் வழியே குடல் இறங்கும். பெண் குழந்தைகளுக்கும் வரலாம்; சினைப்பைகூட இறங்கலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு வாய்ப்பு அதிகம். தசை பலவீனம் காரணமில்லை என்பதால், பெரியவர்களுக்கு வைப்பதுபோல மெஷ் தேவைப்படாது.

ஓப்பன் சர்ஜரி

இடுக்கின் தோல் மடிப்பில் சுமார் 2 செ.மீ கீறி, ஹெர்னியா பையைப் பிரித்துக் கட்டிவிடுவார்கள். தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு, முழு மயக்கம் கொடுக்காமல் முதுகில் ஊசி போட்டும் செய்ய முடியும்.

லேப்ராஸ்கோப்பி

தொப்புள் வழியாக 3 முதல் 5 மி.மீ அளவுள்ள கேமராவை நுழைத்து, வயிற்றில் வாயு நிரப்பி, உள்ளிருந்து துளையை மூடுவார்கள். பொதுவாக முழு மயக்கம் தேவை. மறுபக்கமும் திறந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். இரண்டு பக்கமும் ஹெர்னியா இருந்தாலோ, ஓப்பன் சர்ஜரிக்குப் பிறகு மீண்டும் வந்தாலோ இது வசதி.

எது பெஸ்ட்?

இரண்டுமே பாதுகாப்பானவை, இரண்டிலும் ஹெர்னியா திரும்ப வருவது அரிது. ஆரோக்கியமான குழந்தை பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். குறைமாதக் குழந்தையை மட்டும், மூச்சைக் கண்காணிக்க ஓர் இரவாவது வைத்திருப்பார்கள். ஆகவே, `எந்த முறை' என்பதைவிட, `குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் செய்கிறாரா, அவருக்கு எதில் அனுபவம் அதிகம், குழந்தைகளுக்கான மயக்க மருத்துவர் இருக்கிறாரா' என்று கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

புடைப்பு கல் மாதிரி இறுகி உள்ளே போகவில்லை, தொட்டாலே குழந்தை வீறிட்டு அழுகிறது, வாந்தி எடுக்கிறது, வயிறு உப்புகிறது, அந்த இடம் சிவக்கிறது... இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மாட்டிக்கொண்ட குடலுக்கும் விதைக்கும் ரத்த ஓட்டம் தடைபட்டால், சில மணி நேரத்திலேயே அழுகிவிடலாம். இந்த ஆபத்து முதல் வயதில்தான் அதிகம். நீங்களாக அமுக்கித் தள்ளாதீர்கள். பால், தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள்.

புடைப்பு மறைந்திருக்கும்போது டாக்டரைப் பார்க்கப் போகிறீர்களா? அது தெரியும் நேரத்தில் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கண்டுபிடிக்க உதவும்.