இடியாப்பத்தைக் கொத்தினால்

குலசேகரன்பட்டினம் என்றதும் முத்தாரம்மன் கோயில் தசரா நினைவுக்கு வரும். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளமும் வரும். அந்த ஊர் பழைய துறைமுகம் என்பதுதான் பலருக்கு மறந்துவிட்டது. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இலங்கை. இரு கரைக்கும் பொதுவான பண்டம் இடியாப்பம்.

அதற்கு வயது அதிகம். சங்ககாலத் தமிழர் இதை அறிந்திருந்தார்கள் என்பது உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயாவின் கருத்து. 1025-இல் சாவுண்டராயர் எழுதிய ‘லோகோபகாரம்’ என்ற கன்னட நூல், சேவை பிழியும் அச்சைப் பற்றியே பேசுகிறது. சிங்கப்பூர், மலேசியாவில் இது ‘புட்டு மாயம்’ ஆகி, தேங்காய்ப்பூவும் சர்க்கரையுமாக விற்கிறது. அங்குள்ள தமிழ் முஸ்லிம் கடைகள் சீனரின் அரிசிச் சேமியாவையும் விட்டுவைக்கவில்லை. மிளகாய் விழுதும் முட்டையும் போட்டு வறுத்து, ‘மீ ஹூன் கோரெங்’ என்று தட்டில் வைத்தார்கள்.

இலங்கைக்காரர்கள் செய்தது இன்னும் துணிச்சல்: இடியாப்பக் கொத்து. கொத்துப் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். வாணலியில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதங்கியதும் கேரட்டும் கோஸும் விழும். பாதி வெந்ததும் ஓரமாக ஒதுக்கி, முட்டையை உடைத்து ஊற்றிக் கிளற வேண்டும். பிறகு வெந்த கறித்துண்டுகள், ஒரு கரண்டி குழம்பு, கடைசியாக உதிர்த்த இடியாப்பம். காலையில் மிஞ்சியதை இரவில் காலிபண்ண இதைவிட நல்ல வழி கிடையாது.

உரலில் பிழிந்து அவித்த சூட்டோடு போட்டால் களியாகிவிடும். நன்றாக ஆறிய இடியாப்பம்தான் இதற்குச் சரி.