முள்வேலி ஓடிய தடத்தில் ஒரு நடைபாதை

ஸ்லோவேனியா ஒரு குட்டி நாடு. இத்தாலி, ஆஸ்திரியா, ஹங்கேரி, குரோவேஷியா ஆகிய நான்குக்கும் நடுவே இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 21 லட்சம்தான். 1991 வரை யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதியாக இருந்து பிறகு தனிநாடானது. அதன் தலைநகரம் லுப்லியானா.

இந்த நகரத்தைச் சுற்றி ஒரு பாதை போகிறது. நீளம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர், அகலம் 4 மீட்டர். பெரும்பகுதி சரளைக்கல் பரப்பியது. காலையிலும் மாலையிலும் ஓடுகிறவர்கள், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள் என்று எல்லோருக்கும் பொதுவான பாதை. எங்கே ஆரம்பித்தாலும், நேராகப் போய்க்கொண்டே இருந்தால், ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரலாம். நிதானமாக நடந்தால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். சைக்கிளில் போனால் அரை நாள் போதும்.

இதில் என்ன அதிசயம், எல்லா ஊரிலும்தான் நடைபாதை இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பாதையின் வளைவு நெளிவுகளை எந்த நகரத் திட்ட அதிகாரியும் முதலில் வரையவில்லை. அவற்றை வரைந்தது ஓர் ஆக்கிரமிப்பு ராணுவம். 1942ல் லுப்லியானாவைச் சிறை வைத்த முள்வேலி எந்தத் தடத்தில் ஓடியதோ, அதே தடத்தில்தான் இன்று இந்தப் பாதை ஓடுகிறது.

ஒரே இரவில் சிறையான நகரம்

1941 ஏப்ரல் 6ஆம் தேதி ஜெர்மனி யூகோஸ்லாவியாவைத் தாக்கியது. இரண்டே வாரத்துக்குள் யூகோஸ்லாவியா சரணடைந்துவிட்டது. ஸ்லோவேனியர்கள் வாழ்ந்த நிலத்தை ஜெர்மனி, இத்தாலி, ஹங்கேரி மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. லுப்லியானா இத்தாலியின் பங்குக்குப் போனது. மே 3ஆம் தேதி 'லுப்லியானா மாகாணம்' என்ற பெயரில் முசோலினியின் அரசு அதைத் தன் நாட்டோடு இணைத்துக்கொண்டது. நகரத்துக்கு வடக்கே கொஞ்ச தூரத்திலேயே ஜெர்மானியர்களின் எல்லை வந்துவிடும்.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஏப்ரல் மாதம் முடிவதற்குள்ளேயே 'விடுதலை முன்னணி' என்ற தலைமறைவு அமைப்பு லுப்லியானாவில் தொடங்கிவிட்டது. கம்யூனிஸ்டுகள், கிறிஸ்தவ சோஷலிஸ்டுகள், கலைஞர்கள் எனப் பலதரப்பினரும் அதில் இருந்தார்கள். ரகசிய அச்சகங்களில் துண்டுப் பிரசுரங்கள் அச்சாயின. சில நாட்களில், குறிப்பிட்ட ஒரு மணி நேரத்துக்கு யாரும் தெருவுக்கு வராமல் வீட்டுக்குள்ளேயே இருந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். ஊர்வலம் போனால் சுடலாம். ஊரே வீட்டுக்குள் இருந்தால் ராணுவம் யாரைச் சுடும்?

1941 நவம்பரில் ஒரு ரகசிய வானொலி பேச ஆரம்பித்தது. பெயர் 'கிரிச்சாச்'. 'கத்துகிறவன்' என்று பொருள். ஒலிபரப்பு ஒரே இடத்திலிருந்து வராது. ஒவ்வொரு தடவையும் கருவியைத் தூக்கிக்கொண்டு வேறு வேறு வீடுகளுக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள். கண்டுபிடிக்க முடியாத இத்தாலியர்கள் கடைசியில் கூரைகளில் இருந்த ஆன்டெனாக்களையெல்லாம் அகற்றச் சொல்லி உத்தரவு போட்டார்கள். பேசுகிறவனைப் பிடிக்க முடியவில்லை, கேட்கிறவன் காதையாவது அடைத்துவிடலாம் என்ற கணக்கு!

நகரத்துக்குள் இருப்பவர்கள் வெளியே காடுகளில் இருந்த கெரில்லாப் படைகளுக்கு ஆளும் பொருளும் செய்தியும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தொடர்பை அறுக்க இத்தாலிய ராணுவம் கண்டுபிடித்த வழிதான் முள்வேலி. 1942 பிப்ரவரி 22ஆம் தேதி இரவு வேலை தொடங்கியது. 23ஆம் தேதி காலையில் கண் விழித்த லுப்லியானா ஒரு பெரிய சிறைச்சாலையாக மாறியிருந்தது. முழு நகரத்தையும் சுற்றி முள்கம்பி. போகப் போக வேலி பலமானது. காவல் அரண்கள், தேடு விளக்குகள், சோதனைச் சாவடிகள் எல்லாம் வந்தன. அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது. வீடு உள்ளே, வயல் வெளியே என்று இருந்தவர்களின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். காய்கறியும் பாலும்கூட ராணுவத்தின் கண்ணில் பட்டுத்தான் ஊருக்குள் வர வேண்டும்.

வேலி போட்ட கையோடு தேடுதல் வேட்டையும் ஆரம்பித்தது. நகரத்தைப் பகுதி பகுதியாக அடைத்து, வீடு வீடாகப் புகுந்து, ஆண்களைக் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1942 மார்ச் 1ஆம் தேதி இத்தாலிய 2வது ராணுவத்தின் தளபதி மாரியோ ரோவாட்டா '3சி' என்ற சுற்றறிக்கையை வெளியிட்டார். பல்லுக்குப் பல் அல்ல, பல்லுக்குத் தலை என்பதுதான் அதன் சாரம். பணயக்கைதிகளைச் சுடுவது, ஊர்களை எரிப்பது, மக்களை முகாம்களுக்கு அனுப்புவது எல்லாம் அதன்படி நடந்தன. அட்ரியாட்டிக் கடலில் உள்ள ராப் தீவு முகாமில் பெண்களும் குழந்தைகளும்கூடக் கூடாரங்களில் அடைக்கப்பட்டார்கள். பசியாலும் குளிராலும் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒழுங்கைக் காப்பதாகச் சொல்லித்தான் இவ்வளவும் நடந்தது. வேலியே பயிரை மேய்வது என்று நாம் பழமொழியாகச் சொல்வது அங்கே நிஜமாகவே நடந்தது.

1943 செப்டம்பரில் இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைந்தது. வேலி போட்டவர்கள் போய்விட்டார்கள், ஆனால் வேலி போகவில்லை. அவர்கள் இடத்துக்கு ஜெர்மானியர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் அது வசதியாகவே இருந்தது. 1945 மே 9ஆம் தேதி கெரில்லாப் படைகள் நகரத்துக்குள் நுழைந்தபோதுதான் எல்லாம் முடிந்தது. மொத்தம் 1170 நாட்கள். மூன்று வருடத்துக்கும் மேல்!

முதலில் நடந்தார்கள், பிறகுதான் பாதை வந்தது

போர் முடிந்ததும் கம்பியைப் பிடுங்கிப் போட்டாயிற்று. அத்தோடு எல்லாவற்றையும் மறந்திருக்கலாம். அந்த இடத்தில் வீடு கட்டியிருக்கலாம், தொழிற்சாலை வைத்திருக்கலாம். யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லுப்லியானாக்காரர்கள் வேறு விதமாகச் செய்தார்கள். 1955ல் டிட்டோவின் யூகோஸ்லாவியா இந்த நகரத்துக்கு 'வீர நகரம்' என்ற பட்டம் கொடுத்தது. 1957ல் வேலி இருந்த தடத்தைச் சுற்றி நடக்கும் நிகழ்ச்சியை ஆரம்பித்தார்கள். அப்போது ஒழுங்கான பாதையே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். வயல், புதர், தெரு என்று எது வந்தாலும் அதன் வழியே நடந்தார்கள். வருடா வருடம் மே 9ஐ ஒட்டி இந்த நடை நடந்தது. கால்கள் முதலில், சரளைக்கல் அப்புறம்.

முறையான பாதை போடும் வேலை 1974ல் தொடங்கி 1985ல்தான் முடிந்தது. மாணவர்களும் தொழிலாளர்களும் ஊர்மக்களும் சம்பளம் வாங்காமல் வந்து உழைத்தார்கள். பாதையோரம் 49 வகைகளில் 7,400 மரங்கள் நடப்பட்டன. வேலி போன தடத்தைக் காட்ட 102 எண்கோண நினைவுக் கற்கள் நிற்கின்றன. வேலி போட ஓர் இரவு போதுமாக இருந்தது. அதே தடத்தில் பாதை போடப் பதினோரு வருடம் ஆயிற்று.

இதில் ஒரு வரவு செலவுக் கணக்கும் இருக்கிறது. 33 கிலோமீட்டரை 4 மீட்டரால் பெருக்கினால் 1,32,000 சதுர மீட்டர், அதாவது 32 ஏக்கருக்கு மேல். இது பாதை மட்டும்தான், இருபுறமும் உள்ள மரவரிசைகள் தனி. வளர்ந்துகொண்டே போகும் ஒரு தலைநகரத்தில் இவ்வளவு நிலத்தை ஒரு பைசா வருமானம் இல்லாமல் விட்டு வைப்பது சாதாரண விஷயமா? இன்னொரு சிக்கலும் உண்டு. பூங்காவில் ஒரு மூலையை எடுத்துக்கொண்டாலும் மிச்சம் பூங்காவாகவே இருக்கும். வட்டப் பாதையில் ஒரே ஓர் இடத்தை அடைத்தாலும் வட்டமே போய்விடும். வேலிக்கும் இதே விதிதான். ஓர் ஓட்டை விழுந்தாலும் அது வேலி இல்லை. 1988ல் பாதைக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள். அதனால்தான் இன்றும் அறுபடாமல் இருக்கிறது. 2016ல் லுப்லியானா ஐரோப்பாவின் பசுமைத் தலைநகரமாக இருந்தது. அந்த ஊரின் பசுமையைப் பற்றிப் பேசும்போது இந்த மரவளையத்தை விட்டுவிட முடியாது.

இப்போது ஒரு சுற்று

தெற்கே பார்யே என்ற சதுப்பு நிலத்தை ஒட்டிப் பாதை சமதளமாகப் போகிறது. கிழக்கே கோலோவெட்ஸ் என்ற காட்டுக் குன்றில் ஏறுகிறது. சைக்கிள்காரர்களுக்கு மூச்சு வாங்கும் இடம் இதுதான். குன்றின் மேலே நடைபாதை, அடியில் சுரங்கத்தில் கார்கள் பறக்கும் நெடுஞ்சாலை! வடக்கே கிராமோஸ்னா யாமா என்ற பழைய சரளைக் குழி. 1942ல் இத்தாலியர்கள் பணயக்கைதிகள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது அங்கேதான். இன்று அது நினைவிடம். மேற்கே கோசேசே குளம். ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளம், இன்று மக்கள் உட்கார்ந்து காற்று வாங்கும் இடம்.

மே மாதத்தில் பள்ளிக் குழந்தைகள் முதல் தாத்தா பாட்டிகள் வரை இந்தப் பாதையில் நடக்கிறார்கள். வழியில் உள்ள இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். ஓட்டப் பந்தயமும் உண்டு. அதில் தனியாள் ஓட முடியாது. மூன்று மூன்று பேர் கொண்ட அணிகள்தான், மூவரும் சேர்ந்தே முடிக்க வேண்டும். எவ்வளவு வேகமாக ஓடுகிறவரும் பின்தங்கும் நண்பருக்காகக் காத்திருந்துதான் ஆக வேண்டும். பாதையின் அதிகாரப்பூர்வப் பெயர் 'நினைவுகள் மற்றும் தோழமையின் பாதை'. அந்தத் தோழமை என்ற சொல்லுக்கு இந்தப் பந்தயத்தைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

கற்கள் சொல்லாதது

ஆனால் எல்லாம் இனிமையாக முடிந்துவிடவில்லை. போர்க்காலத்தில் ஸ்லோவேனியர்களே இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் கொன்றார்கள். ஜெர்மானியர்களோடு சேர்ந்து கெரில்லாக்களை எதிர்த்த 'ஊர்க்காவல் படை' ஒன்று இருந்தது. 1945 மே, ஜூன் மாதங்களில் அந்தப் படையைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் விசாரணையே இல்லாமல் கொல்லப்பட்டார்கள். யூகோஸ்லாவியா இருந்தவரை அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசக்கூட முடியாது. அந்தக் குடும்பங்களின் காதில் தோழமை என்ற சொல் எப்படி விழும்? 2017ல் நகர மையத்தில் எல்லாப் போர்களிலும் பலியான அனைவருக்குமாக ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

இன்னொரு பக்கம் ரோவாட்டாவைப் பாருங்கள். 1945 மார்ச்சில் ரோம் நகர மருத்துவமனைக் காவலிலிருந்து தப்பி ஸ்பெயினுக்குப் போய்விட்டார். லுப்லியானாவில் நடந்ததற்காக எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை. 1968ல் ரோமிலேயே இறந்தார். எழுதப்படாத தீர்ப்புக்குப் பதிலாகத்தான் அந்த 102 கற்கள் நிற்கின்றன என்று தோன்றுகிறது.

எல்லாவற்றையும்விட உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 2015ல் அகதிகள் கூட்டம் கூட்டமாக வந்தபோது, இதே ஸ்லோவேனியா குரோவேஷிய எல்லையில் முள்கம்பி வேலி போட்டது. வேலியின் கொடுமையை வருடா வருடம் நடந்து நடந்து நினைவுகூர்ந்த நாடு! பலர் எதிர்த்தார்கள். 2022ல்தான் அதை அகற்றத் தொடங்கினார்கள்.

அப்படியானால் இத்தனை வருடம் நடந்ததற்கு என்ன பலன்? ஒரு பாதை இருப்பதாலேயே ஒரு நாடு திருந்திவிடாது என்பது உண்மைதான். ஆனால் எதிர்த்தவர்கள் எதை வைத்து எதிர்த்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். முள்கம்பி என்றால் என்ன என்று அந்த ஊர்க் குழந்தைக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. நினைவுக் கற்களைப் பார்த்துக்கொண்டேதான் அது சைக்கிள் பழகுகிறது.

காலையில் ஓடுகிற எல்லோரும் 1942ஐ நினைத்துக்கொண்டா ஓடுவார்கள்? நிச்சயம் இல்லை. பாதி பேர் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதில் தப்பும் இல்லை. 1170 நாட்கள் யாராலும் சீட்டு இல்லாமல் தாண்ட முடியாத ஒரு கோட்டை, இன்று யார் வேண்டுமானாலும் எதையும் நினைக்காமல் தாண்டிப் போகலாம். வேலி போட்டவர்கள் தோற்றுப் போனதற்கு அதுவே போதுமான சாட்சி.