53 சதப் பெற்றோல்

நுகேகொடையில் பெற்றோல் விலையைத் திட்டிக்கொண்டு வரிசையில் நிக்கிற ஆளுக்கு செரியாவைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டார். புரூணையின் கரையோரத்தில் இருக்கிற சின்ன எண்ணெய் ஊர். லீற்றர் 53 சதம் (அவங்கட சதம்தான், புரூணை டொலர் 1967 முதல் சிங்கப்பூர் டொலருக்குச் சமன்). சம்பளத்துக்கு வருமான வரியும் இல்லை.

1929இல் அங்கே எண்ணெய் கிடைச்சுது. பிறகு ஷெல் கம்பனி பக்கத்திலேயே பனாகாவில் வீடு, பள்ளிக்கூடம், கிளப் எல்லாம் வைத்து வெளிநாட்டு உத்தியோகத்தர்களைக் குடியேற்றியது. சாமான் வாங்க மட்டும் எல்லை தாண்டி மலேசியாவின் மிரிக்கு ஓடுவார்கள். 1991 முதல் புரூணையில் மது விற்பனை தடை, அதுக்கும் மிரிதான்!

மிச்சம் பிடிக்க நல்ல இடம், சரி. ஆனால் வேலை முடிந்தால் வீடும் விசாவும் சேர்ந்தே போகும். 1961ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலாய் மொழிப் பரீட்சை கேட்கிறது. அங்கேயே பிறந்த சீனர்கள் பலர் இன்னும் நாடற்றவர்கள்.

அந்தச் சொல் எங்களுக்குப் புதுசில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் லட்சக்கணக்கானோரை அப்படித்தான் ஆக்கியது. எண்ணெய்க்குப் பதில் தேயிலை. அவர்கள் இருந்த லயன் அறையும் தோட்டத்துக்குத்தான் சொந்தம். வரியில்லாத டொலர் சம்பளம் மட்டும் இல்லை.