குதி உயர்ந்த சப்பாத்தும் நம் கால்களும்

குதி உயர்ந்த சப்பாத்து முதலில் ஆண்களுடையது. பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியிலிருந்து கால் வழுவாதிருக்க அதை அணிந்தனர். பிரான்சிய மன்னர் 14ஆம் லூயி சிவப்புக் குதியுடன் வலம் வந்தார். ஐரோப்பாவில் அது உயர்குடியின் அடையாளமாயிற்று.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் நம் பாட்டிமார் வெறுங்காலுடன் கொழுந்து பறித்தார்கள். இறப்பர் பால் வெட்டினார்கள். அட்டை கடித்தது. மண்ணிலிருந்த கொக்கிப்புழு பாதத் தோலூடாக உடலுக்குள் புகுந்தது. ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. ஆகவே நம் லயங்களில் சப்பாத்து முதலில் பாதுகாப்பு; பிறகு, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள் என்ற பெருமை.

அந்தப் பெருமையோடுதான் படித்து, உத்தியோகம் பெற்று, நாமும் குதியை உயர்த்திக்கொண்டோம். மலைச்சரிவில் இறங்கும்போது பாதம் முன்னோக்கிச் சாயும். உயர்ந்த குதி சமதரையிலும் நம்மை அப்படியே நிறுத்துகிறது. உடற்பாரம் முன்பாதத்தில் விழுகிறது. முழங்காலுக்குச் சுமை கூடுகிறது. நாளடைவில் கெண்டைத்தசை குறுகுகிறது. கணுக்கால் எளிதில் சுளுக்குகிறது.

சகோதரிகளே, விழா நாளில் விரும்பினால் அணிவோம். அன்றாடம் தாழ்ந்த குதியே போதும். நம்மைச் சமதரைக்குக் கொண்டுவரப் பாட்டிமார் ஏறி இறங்கிய மலையே போதும்.