செஹெர் பள்ளி நலத் திட்டம்

பீகாரின் நாளந்தா மாவட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 2015இல் தொடங்கிய வளரிளம் பருவ நலத் திட்டமும் அதன் பலனை அளந்த ஆய்வும் சேர்ந்து ‘செஹெர்’ எனப்படும். இந்தியிலும் உருதுவிலும் இச்சொல்லுக்கு விடியல் என்று பொருள். 1996இல் கோவாவில் தொடங்கப்பட்ட ‘சங்கத்’ என்ற தொண்டு நிறுவனம், பீகார் அரசின் துணையோடு இதை நடத்தியது. மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் இதன் ஆய்வாளர்களில் ஒருவர்.

நோய் வந்த பிள்ளையைத் தேடிப்பிடித்து அறிவுரை சொல்வது மட்டும் இதன் வழியன்று. பிள்ளை நாள்முழுதும் இருக்கும் பள்ளியின் சூழலையே சீராக்குவது முதல் வேலை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேச்சு, சுவரிதழ், மாணவர் குழு, அடிதடிக்கும் கேலிக்கும் எதிரான பள்ளி விதி, தேவைப்படுவோருக்குத் தனி ஆலோசனை எல்லாம் இதில் அடக்கம். இவற்றுள் மனத்தில் நிற்பது ‘மனம் திறக்கும் பெட்டி’. பெயரைக் குறிப்பிட்டோ குறிப்பிடாமலோ சீட்டு எழுதி அதில் இடலாம். வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தச் சீட்டே வாய். வந்த குறைகளுக்குப் பள்ளி பதில் சொல்லியாக வேண்டும்.

ஆய்வுக்காக 75 பள்ளிகள் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில், ஆலோசகராகப் பயிற்சி பெற்ற, மருத்துவரல்லாத ஒருவர் ‘செஹெர் மித்ரா’ என்ற பெயரில் திட்டத்தை நடத்தினார். இன்னொன்றில் அதே பணியைப் பள்ளி ஆசிரியரே செய்தார். மூன்றாம் பிரிவில் ஏற்கெனவே இருந்த வளரிளம் பருவக் கல்வி வகுப்பு மட்டுமே.

2018இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் முடிவை வெளியிட்டது. மித்ரா இருந்த பள்ளிகளில் சூழல் தெளிவாக மேம்பட்டது. மனச்சோர்வு, கேலி, வன்முறை குறைந்தன. ஆண்-பெண் சமத்துவ எண்ணம் வளர்ந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் இந்தப் பலன் கிட்டவில்லை. திட்டம் ஒன்றே, நடத்தியவர் மட்டுமே வேறு. இதை ஆசிரியர்மேல் பழியாக்குவது தவறு. அவர்கள் தலையில் பாடச்சுமையும் பிற வேலைகளும் ஏற்கெனவே உண்டு. மதிப்பெண் போடுகிறவரிடம் மனக்குறையைக் கொட்டப் பிள்ளை தயங்குவதும் இயல்பே. பள்ளிக்கென்று தனி ஆள் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இந்தியாவில் கிடைத்த வலுவான சான்று இதுவே எனலாம்.

திட்டம் இரண்டாம் ஆண்டும் நீண்டபோது, மித்ரா பள்ளிகளில் பலன் முதலாண்டைவிடக் கூடியது.