இத்தனை குமிழ்கள் எதற்கு? சின்தசைசர் பேனலைப் புரிந்துகொள்வது எப்படி?

சின்தசைசரை முதல்முறை பார்ப்பவர்களுக்கு விமானத்தின் காக்பிட் மாதிரிதான் தெரியும். அவ்வளவு குமிழ்கள், அவ்வளவு சுவிட்சுகள். ஆனால் ஒரு விஷயம் பிடிபட்டால் பயம் போய்விடும். அந்த பேனல், ஒலி போகும் பாதையின் வரைபடம்.

இதற்கு நல்ல உதாரணம், அமெரிக்காவின் மோக் நிறுவனம் 1970-ல் கொண்டுவந்த 'மினிமோக் மாடல் டி'. இதன் பேனலை இடமிருந்து வலமாக வாசித்தாலே போதும்.

ஒலி எங்கே பிறக்கிறது?

ஆசிலேட்டரில். மினிமோக்கில் 3 ஆசிலேட்டர்கள் உண்டு. மின் அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ, அதுதான் சுருதி. அலையின் வடிவம் ஒலியின் குணத்தை மாற்றும். முக்கோண அலை மென்மையாக இருக்கும்; ரம்பப்பல் அலை கூர்மையாக ஒலிக்கும். இரண்டு ஆசிலேட்டர்களின் சுருதியை இம்மியளவு விலக்கி வைத்தால் ஒலி கனமாகும்.

அடுத்து மிக்ஸர். எந்த ஆசிலேட்டர் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் இடம் இது.

ஃபில்டர் என்ன செய்யும்?

சல்லடை வேலை. 'கட்-ஆஃப்' குமிழில் ஓர் எல்லை வைத்தால், அதற்கு மேலுள்ள அதிர்வெண்களைக் குறைத்துவிடும். குமிழை இடதுபக்கம் திருப்பத் திருப்ப, மூடிய கதவுக்குப் பின்னால் பாட்டு ஓடுவது போல ஒலி மங்கும்.

கான்டூர் எதற்கு?

கட்டையை அழுத்தியதும் ஒலி எப்படி எழுந்து, எப்படி அடங்க வேண்டும் என்று சொல்வது இதுதான். பல கருவிகளில் இதன் பெயர் 'என்வலப்'. சட்டென எழுந்து அடங்கினால் தந்தியை மீட்டியது போல இருக்கும். மெல்ல எழுந்தால் வில் போட்டு வாசித்தது போல இருக்கும். மினிமோக்கில் ஃபில்டருக்கு ஒன்று, ஒலி அளவுக்கு ஒன்று என 2 கான்டூர்கள் உள்ளன.

சத்தமே வரலையா?

இதே பாதையில் தேடுங்கள். மிக்ஸர் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? கட்-ஆஃப் ஒரேயடியாக இறங்கிக் கிடக்கிறதா? கடைசியாக வால்யூம். பெரும்பாலும் சிக்கல் இங்கேயே சிக்கிவிடும்.

பேனல் மாறினால் என்ன ஆகும்?

1983-ல் யமஹாவின் 'டிஎக்ஸ்7' வந்தது. ஓர் அலையால் இன்னோர் அலையை அதிவேகமாக அசைக்கும் 'எஃப்எம்' முறை. 6 ஆபரேட்டர்கள், அவற்றை இணைக்க 32 வழிகள். மினிமோக்கில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான், இதில் 16. மினிமோக்கால் அமைத்த ஒலியை நினைவில் வைக்க முடியாது. டிஎக்ஸ்7 தன் நினைவகத்தில் 32 ஒலிகளை வைத்திருக்கும்.

ஆனால் பேனலில் குமிழ் வரிசை கிடையாது. பட்டன்கள், சின்ன திரை, மதிப்பை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடர். ஒலியின் பாதை கண்ணுக்குத் தெரியாமல் போனதால், பலரும் புது ஒலி உருவாக்காமல் கம்பெனி கொடுத்த ரெடிமேட் ஒலிகளையே வாசித்தார்கள். 1980-களின் பல பாடல்களில் ஒரே மாதிரி எலெக்ட்ரிக் பியானோ கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று மொபைலில் வரும் பல சின்தசைசர் ஆப்களிலும் ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் என்ற அதே வரிசைதான். திறந்ததும் ரெடிமேட் ஒலியோடு நிறுத்திக்கொள்ளாமல், முதலில் கட்-ஆஃப் குமிழைத் திருப்பிப் பாருங்கள். மாற்றம் உடனே காதுக்குத் தெரியும்.